இடது தோளில் ஒன்பது மடிப்பு

ஜூன் 3

ஏங்க,

ஞாயித்துக்கிழமை போன்ல நான் ஒழுங்காப் பேசலன்னு வருத்தப்பட்டீங்க. எப்படிப் பேசுறது, சொல்லுங்க. உங்க ரூம்ல எட்டுக் கட்டில், எட்டுப் பேர். நான் இங்க 'ம்' சொன்னா அங்க மூணாவது கட்டில்காரர் இருமுறார். அதான் கடிதம் எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். தபால் ஆபீஸ் கவுண்டர்ல உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துறேன். எனக்குன்னு ஒண்ணு வந்தா யாருக்கு என்ன குறைஞ்சுபோகும்.

இங்க எல்லாரும் சௌக்கியம். முதுகுவலின்னு ஆபீஸ்ல நீள லீவு போட்டிருக்கேன். பயப்படாதீங்க. பதினஞ்சு வருஷம் ஒரே நாற்காலியில உட்கார்ந்தா யாருக்கும் வரும். துணைக்கு அக்கா வந்திருக்கா. அவ தையல் மிஷினும் கூடவே வந்திருக்கு. மாமா கொஞ்ச நாள் ஓட்டல்ல சாப்பிட்டா உடம்பு இளைக்கும்ங்கிறா.

சும்மா உட்கார்ந்திருக்க முடியல. ஒரு உதவி செய்யுங்க. அந்த மால்ல நீங்க காவல் நிக்கிற வாசலுக்கு நேர் எதிர்ல பெரிய டிசைனர் துணிக்கடை இருக்குன்னு சொன்னீங்கல்ல. அங்க கண்ணாடிக்குள்ள நிக்கிற பொம்மைங்களுக்கு என்ன மாட்டியிருக்காங்கன்னு பார்த்து எழுதுங்க. யாரும் போட்டோ எடுக்காமப் பார்த்துக்கிறதே உங்க வேலைதான்னு தெரியும். கண்ணால பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. அந்த மாதிரி ஒண்ணு வீட்டிலேயே தைச்சுக்கலாம்னு ஆசை.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத சட்டையாப் பாருங்க. அதான் இப்ப நாகரிகமாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

— நான்தான்


ஜூன் 16

போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கு,

கவுண்டர் கிளார்க்குன்னு எழுதினா நல்லா இல்ல. நானே பதவி உயர்வு கொடுத்துட்டேன்.

கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ரூம்ல எல்லாருக்கும் பொறாமை. மூணாவது கட்டில்காரர் கவரை மட்டும் வாங்கி மோந்து பார்த்துட்டுக் கொடுத்தார்.

சரி, உன் வேலைக்கு வர்றேன். அந்தக் கடைக் கதவு திறந்தாலே பூ வாசம் அடிக்கும், உள்ள ஒரு பூ இருக்காது. துணியில விலைச்சீட்டே கிடையாது. விலை கேட்கிறவன் வாங்க மாட்டான்னு கணக்காம். கண்ணாடிக்குள்ள மூணு பொம்மை. மூணுக்கும் தலை இல்ல. முதல் பொம்மைக்குக் கறுப்புச் சட்டை, ஒரு கை முழுசு, இன்னொரு கை இல்லவே இல்ல. தையல்காரர் பாதியில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார் போல. ரெண்டாவது பொம்மை போட்டிருக்கிறது சாக்கு. சத்தியமா சாக்குதான், தங்கக் கலர் நூல்ல ஓரம் அடிச்சிருக்கு. மூணாவது உனக்குப் பிடிக்கும். சாம்பல் நிறம். வலது பக்கம் சாதுவா வெறும் சட்டை. இடது தோள்லேர்ந்து துணி அடுக்கடுக்கா இடுப்பு வரைக்கும் இறங்குது. மாடிப்படியில ஒரு குடம் தண்ணியைக் கவுத்தா எப்படி இறங்கும், அப்படி.

பக்கத்துல நகைக்கடை. அங்க தோள்ல குத்திக்கிற ப்ரூச் ஒண்ணு வச்சிருக்கான். கம்பியைச் சுருட்டிச் சுருட்டி இலை மாதிரி பண்ணியிருக்கான். பதினெட்டு வருஷம் மில்லுல மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுத்தினவன் நான். எனக்கு அதைப் பார்த்தாக் கை அரிக்குது.

ஒண்ணு கேட்கணும். தபால்தலையைக் கோணலா ஒட்டினாலே திருப்பிக் கொடுக்கிறவ நீ. உனக்கு எப்போலேர்ந்து கோணல் சட்டை மேல ஆசை?

முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லு அக்காவை.

— உன் வாட்ச்மேன்


ஜூன் 27

ஏங்க,

தண்ணி மாதிரி இறங்குதுன்னு எழுதிட்டீங்க. தண்ணியை நான் எந்தக் கத்தரிக்கோலால வெட்டுறது.

இப்படிப் பாருங்க. மொத்தம் எத்தனை மடிப்பு? ஒவ்வொண்ணும் எத்தனை விரல் அகலம்? மடிப்போட வாய் கழுத்தைப் பார்க்குதா, கையைப் பார்க்குதா? துணி விறைப்பா நிக்குதா, தொய்யுதா? மேல எங்க தொடங்குது, கீழ எங்க பிடிச்சிருக்காங்க? அக்குள் பக்கம் மூடுதா? கழுத்து எவ்வளவு மேல ஏறியிருக்கு? மோட்டாரைப் பிரிச்சுப் பார்க்கிற மாதிரி பாருங்க. காயில்ல எத்தனை சுத்துன்னு எண்ணாம நீங்க கை வைப்பீங்களா.

முதல் சோதனையைப் பழைய படுக்கைவிரிப்புல போட்டேன். அக்கா போட்டுக்கிட்டு நின்னா. கட்டில் எழுந்து நின்ன மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் சிரிச்சோம். ரொம்பச் சிரிக்க முடியல, வலிக்குது.

கோணல் எப்போலேர்ந்துன்னு கேட்டீங்க. வயசானா ருசி மாறும்.

— நான்தான்


ஜூலை 9

போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கு,

உன்னால நான் மாட்டிக்கிட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்துல நின்னு விரலை மடக்கி எண்ணிக்கிட்டிருந்தேன். உள்ளேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, இடுப்புல குண்டூசிப் பை, கழுத்துல இஞ்ச் டேப். பொம்மைங்களுக்கு உடுத்திவிடுறது அவங்கதான். காவலர்கள் எல்லாரும் பொம்மைக்காரம்மான்னுதான் சொல்லுவோம். "பத்து நாளா எங்க பொம்மையை முறைச்சுப் பார்க்கிறீங்களே அண்ணே, வீட்டுல யாரும் இல்லையா"ன்னு கேட்டாங்க. வீட்டுல இருக்கிறவதான் பார்க்கச் சொன்னான்னு உன் கடிதத்தையே எடுத்து நீட்டிட்டேன். தண்ணியை எந்தக் கத்தரிக்கோலால வெட்டுறதுங்கிற இடத்துல சிரிச்சுட்டாங்க.

செவ்வாய்க்கிழமை காலையில, கடை திறக்கிறதுக்கு முன்னாடி துணி மாத்துவாங்க. என்னை உள்ள விட்டாங்க. பொம்மைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தியானா, பூரா குண்டூசி. முன்பக்கம் ராணி, பின்பக்கம் முள்ளம்பன்றி. அளவா இருக்கிற மாதிரி தெரியுறதெல்லாம் பின்னாடி இழுத்துக் குத்தினதுதான்.

எழுதிக்கோ. ஒன்பது மடிப்பு. ஒவ்வொண்ணும் ரெண்டு விரல். வாய் கையைப் பார்க்குது. தோள் தையல்லயே எல்லாம் தொடங்கி, இடது இடுப்புல ஒரே இடத்துல கூடுது. அக்குளை முழுசா மூடுது. கழுத்து, எலும்பு மேடு வரைக்கும். துணி தொய்வு, ஆனா ஒட்டாது. உள்ள மெல்லிசா பருத்தித் துணி கொடுத்திருக்காங்க. பின்பக்கம் ஜிப்.

நீ கேட்டதையெல்லாம் பார்த்தாச்சு. இப்போ ரோட்டுல போறவங்க தோளையெல்லாம் எண்ணத் தோணுது.

— உன் வாட்ச்மேன்


ஜூலை 18

ஏங்க,

இப்படி எழுதினா ஒரு கட்டடமே கட்டலாம். அந்தம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

ஒரு யோசனை தோணுச்சு. உங்க சாம்பல் சட்டை ரெண்டு பீரோவுல கிடந்தது, மில்லுக்குப் போட்டுட்டுப் போவீங்களே. ஆம்பளைச் சட்டை ஏற்கெனவே முன்பக்கம் பட்டன் வச்சுத் திறக்குது. அதுல ஒண்ணைப் பக்கவாட்டுல பிடிச்சு அளவாக்கிட்டேன். இன்னொண்ணைப் பிரிச்சு மடிப்புக்கு எடுத்துக்கிட்டேன். பட்டன் வரிசை மடிப்புக்குள்ள மறைஞ்சுடும். அவங்க டிசைன்ல பின்பக்கம் ஜிப். என்னுதுல முன்பக்கம் பட்டன். கேட்காம வெட்டினதுக்கு மன்னிக்கணும். நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தொடல.

இன்னும் நாலஞ்சு சந்தேகம் இருக்கு. தனித் தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன். நீங்க சொன்னாச் சரியா வராது, அந்தத் தாளை அப்படியே அந்தம்மாகிட்ட கொடுத்துடுங்க. கையைத் தூக்காமலே போட்டுக் கழட்டுற மாதிரி தோளை எப்படி இறக்குறது, உள்தையல் இடது பக்கம் தோல்ல உரசாம இருக்க என்ன செய்யலாம், உள்ள எதுவும் வைக்காமலே மடிப்பு அமுங்காம நிக்குமா, ப்ரூச் குத்தினா கனம் எந்தப் பக்கம் இழுக்கும், இதெல்லாம்தான். முதுகுவலிக்காரிக்குக் கையைத் தூக்கினா சுளுக்குது, அதான்.

— நான்தான்


ஜூலை 29

உனக்கு,

தாளைக் கொடுத்தேன். அந்தம்மா நின்னுக்கிட்டே படிச்சாங்க. அப்புறம் உட்கார்ந்து மறுபடியும் படிச்சாங்க. படிச்சுட்டு, "உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் எந்த மாசம் ஆச்சு அண்ணே"ன்னு மெதுவாக் கேட்டாங்க.

ஆபரேஷன் எல்லாம் இல்லம்மா, முதுகுவலின்னேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. பார்த்துட்டு, "மன்னிச்சுக்கோங்க, என் அம்மா இதே கேள்விகளைத்தான் என்கிட்ட கேட்டாங்க, அந்த ஞாபகத்துல கேட்டுட்டேன்"ன்னு சொல்லிட்டுத் தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க. நான் வாசலுக்கு வந்து என் இடத்துல நின்னேன். யாரோ வழி கேட்டாங்க. தப்பா சொல்லி அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை போன்ல கேட்கணும்னு இருந்தேன். நீ ஹலோன்னதும் அங்க மழையான்னு கேட்டேன். நீயும் ஆமான்னே. அவ்வளவுதான் வந்தது எனக்கு.

உன்னோட பதினாலு வருஷம் குடும்பம் நடத்தினவன் நான். ஒரு தாளைப் பார்த்து ஊர்பேர் தெரியாத ஒருத்தங்களுக்குப் புரிஞ்சது எனக்கு ஏன் புரியல? நான் மக்குதான், ஒத்துக்கிறேன். நீயாவது சொல்லியிருக்கலாம்.

ரெண்டே கேள்வி. அது நிஜமா? நான் கிளம்பும்போதே உனக்குத் தெரியுமா?


ஆகஸ்ட் 6

ஏங்க,

நிஜம். தெரியும்.

நீங்க பெட்டி கட்டிக்கிட்டிருந்த அன்னைக்குக் காலையில, குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. இடது மார்புல, பட்டாணி அளவு ஒரு கட்டி. துண்டைச் சுத்திக்கிட்டு வெளிய வந்தேன், சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க புது யூனிஃபார்மைப் போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு சல்யூட் அடிச்சுப் பழகிக்கிட்டிருந்தீங்க. மில்லை மூடின பிறகு ஒரு வருஷம் இந்த வீட்டுக்குள்ள சுவத்தை முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தவர், அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சீங்க. அப்படியே திரும்பி உள்ள போயிட்டேன். கொழுப்புக் கட்டியா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

நீங்க போன மறுவாரம் டாக்டர்கிட்ட போனேன். ஏப்ரல்ல அந்தப் பக்கத்தையே எடுத்துட்டாங்க, முழுசா. சீக்கிரமே பார்த்துட்டதால பயமில்ல, அஞ்சு வருஷம் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும், அவ்வளவுதான்னாங்க. இதை அக்காவைக் கேட்டே எழுதுறேன், ஒரு வார்த்தை குறைக்கல. தினமும் சுவத்துல விரலால ஏறுற பயிற்சி செய்யணும். கை எட்டுற இடத்துல அக்கா பென்சில் கோடு போடுறா. ஜன்னலை மூணு விரல் தாண்டிட்டேன்.

உள்ள வச்சுக்கச் சொல்லி ஒரு திண்டு கொடுத்தாங்க. வேர்த்தா நழுவுது. ஒரு நாள் மளிகைக் கடையில அது கழுத்துக்கிட்ட வந்து எட்டிப் பார்த்துச்சு. அக்கா துண்டை எடுத்துப் போர்த்திக் கூட்டிட்டு வந்துட்டா. அன்னைக்குத்தான் அது வேண்டாம், வேற வழி பார்க்கலாம்னு முடிவு பண்ணினேன். செப்டம்பர்ல கவுண்டர்ல போய் உட்காரணும். வரிசையில நிக்கிறவங்களுக்கு என் இடுப்புக்கு மேலதான் தெரியும். அதுக்குத்தான் இந்தச் சட்டை.

ஆபரேஷனுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமேன்னு கேட்பீங்க. வேலையை விட்டுட்டு ஓடி வருவீங்கன்னு ஒரு பயம். அது பாதிதான். நீங்க வந்து பார்க்கும்போது உங்க முகம் ஒரு நிமிஷம் எப்படி மாறும்னு நினைச்சுப் பார்த்தேன். நினைக்கும்போதே கண்ணை மூடிக்கிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் நாலு மாசத்தை ஓட்டினேன்.

திட்டணும்னா திட்டுங்க. கடிதம் எழுதாம மட்டும் இருந்துடாதீங்க.

— நான்தான்


ஆகஸ்ட் 17

போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கு,

திட்டுறதுக்கு ரெண்டு தாள் எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்த நாள்ல நான் இங்க மூணு பேரோட சீட்டாடிக்கிட்டிருந்தேன். எதிரியைத் திட்டலாம், என்னை நானே எவ்வளவு நேரம் திட்டிக்கிறது. அக்காகிட்டயும் கோவம்தான். ஆனா அவ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா அதுவும் நிக்கல. மாமா இன்னும் ஆறு மாசம் ஓட்டல்ல சாப்பிட்டாலும் தகும்னு சொல்லு.

போன்ல நாம ரெண்டு பேரும் பேசாமலே அழுதுக்கிட்டிருந்தோமே, அப்போ மூணாவது கட்டில்காரர் எழுந்து, வாங்கடா டீ வாங்கித் தர்றேன்னு எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயிட்டார். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் மூடி வச்சுக் கொண்டுவந்தார். 

சூபர்வைசரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அக்டோபர்ல மூணு வாரம் லீவு. அதுக்கு முன்னாடி ஆள் இல்லைங்கிறார். வேலையை விட்டுட்டு வான்னா இப்பவே வர்றேன், ஒரு வார்த்தை எழுது.

பொம்மைக்காரம்மாகிட்ட நானே போய்ச் சொன்னேன். அவங்க உன் கேள்வி எல்லாத்துக்கும் பதில் எழுதி வச்சிருந்தாங்க. தோள் தையலை ஒரு விரல் பின்னாடி தள்ளணுமாம், அப்போ கையைத் தூக்க வேண்டாம். உள்தையலைப் புரட்டி வெளிப்பக்கமா போட்டு, அதையே மடிப்புக்கு அடியில மறைச்சுடணுமாம். மடிப்பு அமுங்காம இருக்க, மேல் மூணை மட்டும் அடியில பல்லுப்பல்லா கைத்தையல் போடச் சொன்னாங்க. அவங்க அம்மா பதினோரு வருஷமா நல்லா இருக்காங்களாம். அதை ரெண்டு தடவை சொன்னாங்க.

கூட ஒரு பொட்டலம் இருக்கும். உள்ள கொடுக்கிறதுக்குப் பழகின பருத்தித் துணி, அவங்க கொடுத்தது. இன்னொண்ணு நான் பண்ணின ப்ரூச். இலை மாதிரி பண்ணத்தான் பார்த்தேன். மூணு தடவையும் இலை வரல. செப்புக் கம்பி சுத்திச் சுத்தி, கடைசியில பார்த்தா மோட்டார் காயில் மாதிரியே வந்து நிக்குது. கை பழகினதைத்தான் செய்யும். பின்பக்கம் குத்தாம இருக்கத் துணி வச்சுத் தைச்சிருக்கேன். பிடிக்கலேன்னா மேஜை டிராயர்ல போட்டுடு, கோவிச்சுக்க மாட்டேன்.

உன் முகத்தைத் தவிர வேற எதையும் நான் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கல. அன்னைக்கு நீ கவுண்டர்ல இருந்தே. கம்பிக்கு அந்தப் பக்கம் அவ்வளவுதான் தெரிஞ்சது.

— உன் வாட்ச்மேன்


ஆகஸ்ட் 30

ஏங்க,

வேலையை விட வேண்டாம். அக்டோபர் போதும். இதை யோசிச்சுத்தான் எழுதுறேன், வீராப்பு இல்ல. முதல்ல நானாப் போய்க் கவுண்டர்ல உட்காரணும். நீங்க பக்கத்துல இருந்தா உங்க பின்னாடியே ஒளிஞ்சுக்குவேன்.

சட்டை முடிஞ்சது. ஒன்பதாவது மடிப்புக்குத் துணி பத்தல. உங்க சட்டைக் கையைப் பிரிச்சு ஒட்டுப் போட்டேன். அந்த இடத்துல ஒரு மெஷின் எண்ணெய்க் கறை இருந்தது, போகவே மாட்டேங்குது. அக்கா அதை உள்பக்கம் மடிக்கச் சொன்னா. மடிச்சுட்டேன்.

ப்ரூச்சைப் பார்த்துட்டு அக்கா, இது என்னடி ஸ்பிரிங்கான்னு கேட்டா. குத்திக்கிட்டு அவ முன்னாடி நின்னதும், போய்க் கண்ணாடியை எடுத்துட்டு வந்து காட்டினா. இலையை விட இதுதான் அழகா இருக்கு. வெளிச்சம் பட்டா உள்ள ஒவ்வொரு சுத்தும் தனித்தனியாத் தெரியுது. எண்ணினேன். நாற்பத்தி ரெண்டு. சரியா?

— நான்தான்


செப்டம்பர் 12

போஸ்ட்மாஸ்டர் அம்மாவுக்கு,

நாற்பத்தி ரெண்டேதான். எனக்கு வயசு எத்தனைன்னு மறந்துட்டியா.

நாளான்னைக்கு நீ ஆபீஸ் போற. கடிதம் அதுக்கு முன்னாடி வந்து சேராது, தெரியும். உன் துறையோட லட்சணம் உனக்கே தெரியும். இருந்தாலும் எழுதுறேன். காலையில பத்து மணிக்கு நீ கவுண்டர் திறக்கிற நேரம் நான் இங்க வாசல்ல நிமிர்ந்து நிப்பேன். எப்பவும் நிக்கிறதுதான், அன்னைக்குக் கொஞ்சம் கூடவே.

— உன் வாட்ச்மேன்


செப்டம்பர் 20

ஏங்க,

போயிட்டு வந்துட்டேன். முதல் ஒரு மணி நேரத்துல முத்திரை ரெண்டு இடத்துல இரட்டையா விழுந்தது. யாரும் என் சட்டையைத் தவிர வேற எதையும் பார்க்கல. பார்சல் கவுண்டர்காரர் எந்தக் கடைன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் பார்த்தார், நான் தைச்சேன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. புரிய வேண்டாம்.

மத்தியானம் வரிசையில ஒரு அம்மா வந்தாங்க. ஒரு கவரைத் தள்ளினாங்க, தபால்தலை வாங்கினாங்க, ஆனா நகரல. பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுக்கிறாங்க. அந்தம்மா குனிஞ்சு, கம்பிக்குப் பக்கத்துல வாயை வச்சு, "இது முன்பக்கம் திறக்குமா"ன்னு கேட்டாங்க. திறக்கும்னு சொன்னேன்.  ஒரு படிவத்தோட பின்பக்கத்துல ஒன்பது மடிப்பையும் வரைஞ்சு, அளவு போட்டு, தோள் தையலை ஒரு விரல் பின்னாடின்னு எழுதிக் கொடுத்தேன். அரசாங்கத் தாளைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தினது எனக்கு இதுதான் முதல் தடவை. பொம்மைக்காரம்மாகிட்ட சொல்லுங்க.

அக்கா நாளைக்குக் கிளம்புறா. மாமா இளைக்கல, இன்னும் குண்டாயிட்டாராம்.

நீங்க வர்ற அன்னைக்கு நான் லீவு போட்டிருக்கேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பேன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க. அது ஆபீஸுக்கு. வீட்டுல இப்போ பழைய நைட்டிதான், உள்ள எதுவும் வச்சுக்கிறதில்ல. கதவைத் திறந்ததும் தெரியும். எனக்கு ஆறுதல் சொல்லணும்னு வழியெல்லாம் எதையாவது யோசிச்சுக்கிட்டு வர வேண்டாம். பெட்டியைக் கீழ வைங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. நானும் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்க மாட்டேன்.

— நான்தான்